காலையில் தாங்கிய பனி

கார்வால் இமயத்தில், ருத்ரபிரயாகை மாவட்டத்தில் சோப்தா என்னும் சிற்றூர் உள்ளது. அங்கிருந்து துங்கநாதர் ஆலயத்திற்குச் செல்லும் கல் பாவிய பாதையின் நீளம் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர்தான். கோடையில் முதியவர்களும் சிறுவர்களும்கூட ஆங்காங்கே இளைப்பாறியபடி அதில் ஏறிவிடுகின்றனர். சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் அமைந்த அவ்வாலயம் பஞ்ச கேதாரங்களுள் மூன்றாவதாகப் போற்றப்படுவது. அதற்கும் மேலே சிறிது தூரம் ஏறினால் சந்திரசிலை என்னும் உச்சி. ஸ்ரீராமன் அங்கே தவம் இயற்றினான் என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை.

குளிர்காலத்தில் இப்பாதை பனிக்கடியில் மறைந்துவிடுகிறது. ஆலயம் நடைசாத்தப்படுகிறது, உற்சவ மூர்த்தி கீழேயுள்ள மக்குமட் கிராமத்திற்கு எழுந்தருளுகிறார். ஆயினும் பிப்ரவரி இறுதியிலும் மார்ச் மாதத்திலும், வானம் தெளிந்து பகல் நீளத் தொடங்கும்போது, பனியின்மீதே நடந்து மூடிய ஆலயத்தின் வாசல்வரையேனும் சென்று வணங்க வேண்டும் என்று யாத்திரிகர்கள் பலர் வருகின்றனர். மலையேற்றத்தில் ஆர்வமுள்ள இளைஞர்களும் வருகின்றனர். பனி உருகத் தொடங்கும் பருவம் அது. கண்ணுக்கு இனிய பருவம். ஆனால் காலடிக்கு நம்பத் தகாத பருவம்.

அப்பாதையில் எழும் ஒரு கேள்வி, மலையையே காணாதவர்களின் வாழ்விலும் எழுவது. உறுதியுடன் தொடங்கிய ஒன்றைப் பாதி வழியில் விட்டுத் திரும்புவது எப்போது கோழைத்தனம்? எப்போது விவேகம்?

உருகும் பனியின் இயல்பு

இக்கேள்வியை ஆராயுமுன் பனியின் இயல்பைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

குளிர்காலத்தின் இறுதியில், பகல் வெயிலில் பனியின் மேற்பரப்பு உருகி நீர் உள்ளே கசிகிறது. இரவில் வானம் தெளிவாக இருந்தால் பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானில் இழந்து மீண்டும் உறைகிறது. இவ்வாறு உருகியும் உறைந்தும் மேற்பரப்பில் கெட்டியான ஓடு ஒன்று உண்டாகிறது. விடியற்காலையில் அந்த ஓட்டின்மீது மனிதன் நடந்தால் கால் அதில் புதைவதில்லை. கற்றரைபோல் அது அவனைத் தாங்குகிறது. வெயில் ஏறஏற அந்த ஓடு இளகுகிறது. பனித்துகள்களை ஒன்றோடொன்று பிணைத்திருந்த பிடிப்பு நெகிழ்கிறது. காலையில் தாங்கிய அதே இடத்தில் நண்பகலில் கால் முழங்கால்வரை புதைகிறது. பாறைகளின் ஓரங்களில் பனி உட்புறமாகக் குடைந்துபோகிறது. ஓடைகளை மூடிய பனிப்பாலங்கள், அடியில் ஓடும் நீரால் மெலிந்துகொண்டே வருகின்றன. மேலிருந்து பார்ப்பவருக்கு அது தெரிவதில்லை. செங்குத்தான சரிவுகளில், நீர் ஊறிக் கனத்த பனி பெயர்ந்து விழக்கூடும். பொதுவாக 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே பனிச்சரிவுக்கு மிகவும் இடமளிப்பவை. கிழக்கு நோக்கிய சரிவில் வெயில் முதலில் படுவதால் அங்கு அபாயமும் முதலில் தொடங்குகிறது. பின்னர் தெற்கிலும் மேற்கிலும் தொடர்கிறது. இரவில் மேகம் கவிந்திருந்தாலோ அது போர்வைபோல் வெப்பத்தைக் காத்துவிடும். அத்தகைய இரவுக்குப்பின் வரும் விடியலில் பனி சரியாக உறைந்தே இராது.

இதில் சிந்தனைக்குரிய ஓர் உண்மை உண்டு. பூஜ்ஜியம் டிகிரியிலுள்ள ஒரு கிராம் பனிக்கட்டி அதே பூஜ்ஜியம் டிகிரியிலுள்ள நீராக மாறுவதற்கு ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் தேவை. அதே அளவு வெப்பத்தைக் கொண்டு, உருகிய அந்த நீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். இவ்வளவு வெப்பம் உள்ளே சென்றுகொண்டிருக்கும்போதும், உருகி முடியும்வரை வெப்பமானி பூஜ்ஜியத்தைவிட்டு அசைவதில்லை. அளவுகோலில் மாற்றம் இல்லை. அகத்தில் பிணைப்புகள் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன. பெரிய மாற்றங்கள் பலவும் இப்படித்தான் நிகழ்கின்றன. புறத்தே எதுவும் மாறவில்லை என்பது அகத்தே எதுவும் மாறவில்லை என்பதற்குச் சான்றாகாது.

ஒரு முதியவரின் சங்கல்பம்

நாகபுரியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மார்ச் மாத முதல் வாரத்தில் சோப்தாவுக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். உடன் அவருடைய மகனும் மகனின் நண்பர் ஒருவரும் வருகின்றனர். வழிகாட்டியாக அவ்வூர் இளைஞன் ஒருவன். ஆசிரியரின் மனைவி காலமாகி ஓராண்டு நிறைந்திருக்கிறது. துங்கநாதரின் வாசலில் ஒரு நெய்விளக்கு ஏற்ற வேண்டும் என்பது அந்த அம்மையாரின் நெடுநாளைய ஆசை, அது நிறைவேறவில்லை. அவ்விளக்கைத் தாம் ஏற்றுவதாக ஆசிரியர் சங்கல்பம் செய்துகொண்டிருக்கிறார்.

முன்னிரவில் வழிகாட்டி ஒரு நிபந்தனை சொல்கிறான்: "விடியுமுன் புறப்படுவோம், பாபுஜி. மணி பதினொன்று ஆனால் எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்." ஆசிரியர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் வழியில் தாமதம் நேர்கிறது. நிழல் படிந்த திருப்பங்களில் பனி கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கிறது. அங்கே வழிகாட்டி ஒவ்வோர் அடிக்கும் படி வெட்ட நேர்கிறது. முதியவருக்கு மூச்சு வாங்குகிறது. மணி பதினொன்று. கோபுரம் கண்ணில் படுகிறது. இன்னும் கடக்க வேண்டியது வெயில் நேராக விழும் ஒரே ஒரு சரிவு. அதன் மேற்பகுதியிலிருந்து சிறுசிறு பனியுருண்டைகள் தாமாகவே உருண்டு வருகின்றன. கால் முழங்கால்வரை புதைகிறது.

"இன்னும் அரை மணி நேரந்தானே, பேட்டா" என்கிறார் ஆசிரியர். வழிகாட்டி சரிவை அண்ணாந்து பார்க்கிறான், பேசவில்லை. நண்பர், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்" என்கிறார். ஆசிரியரின் கை, பைக்குள் இருக்கும் நெய்க்கிண்ணத்தைத் தொட்டுப் பார்க்கிறது.

அவர் செய்ய வேண்டியது என்ன?

சங்கல்பமும் பிடிவாதமும்

சங்கல்பம் ஆன்மிக வாழ்வின் முதுகெலும்பு. இடையூறு வந்த மாத்திரத்தில் கலைந்துபோகும் தீர்மானத்தால் எந்தச் சாதனையும் கைகூடுவதில்லை. எனவே, "ஆபத்து என்றால் திரும்பிவிடு" என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. உயர்ந்த பாதைகள் யாவும் ஏதேனும் ஓர் ஆபத்தைக் கொண்டவையே. ஐயம் தோன்றும்போதெல்லாம் திரும்புபவன் எங்கும் சென்று சேரமாட்டான். தன் அச்சத்திற்கு விவேகம் என்று பெயரிட்டு வாழ்நாளைக் கழித்துவிடுவான்.

ஆயினும் சங்கல்பத்திற்கும் பிடிவாதத்திற்கும் வேறுபாடு உண்டு. சங்கல்பம் ஓர் உயர்ந்த பொருளைப் பற்றி நிற்கிறது. பிடிவாதம் தன்னையே பற்றி நிற்கிறது. ஆசிரியர் எடுத்த சங்கல்பத்தின் உயிர் எது? ஒரு நல்லாளின் பக்தியைப் போற்றுவது. அந்த நாளில், அந்த நேரத்தில், அந்தச் சரிவைக் கடப்பது அச்சங்கல்பத்தின் உயிர் அன்று. அது மேற்கொண்ட பல உருவங்களுள் ஒன்று. உயிரைக் காப்பதற்காக உருவத்தை விடுவது விரதபங்கம் ஆகாது. உருவத்தைக் காப்பதற்காக உயிரை விடுவதே விரதத்திற்கு இழைக்கும் குற்றம்.

"இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்" என்ற சொல்லை ஆராய்ந்தால் இது மேலும் தெளிவாகும். அச்சொல்லில் உண்மை இருக்கிறது. ஆனால் அது கடந்துவிட்ட பாதையைப் பற்றிய உண்மை. எதிரே இருக்கும் சரிவைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. செலவழித்த உழைப்பைப் பனி அறியாது. "காலையில் நன்றாகத்தானே தாங்கியது" என்பதும் அத்தகையதே. காலையில் தாங்கியது காலைப் பனி. உலகப் பொருள்கள் கணந்தோறும் மாறுகின்றன என்பதை வேதாந்த மாணவன் பாடமாகக் கற்கிறான். மலைவாசி அதைத் தன் காலடியில் கற்கிறான். நிலையற்றதை நிலையானது என்று கொள்வதே அவிவேகம் என்றால், நண்பகல் பனியைக் காலைப் பனியாக எண்ணுவது அதன் கண்கூடான வடிவம்.

முன்னிரவில் செய்த நிபந்தனையின் பெருமையும் இங்கேதான் விளங்குகிறது. அடுப்பருகே அமர்ந்து, எந்தக் கோபுரமும் கண்முன் தோன்றாத வேளையில், தெளிந்த அறிவு பதினொரு மணி என்று வரையறுத்தது. அடைய விரும்பிய பொருள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போது அறிவு ஆசையின் வழக்கறிஞராகிவிடுகிறது; ஒவ்வொரு காரணமும் நியாயமாகவே தோன்றுகிறது. ஆகவே தெளிவான வேளையில் எடுத்த முடிவைக் கலங்கிய வேளையில் திருத்தாமல் இருப்பதும் ஓர் உறுதிதான். அந்நேரத்தில் திரும்புபவன் சங்கல்பத்தைக் கைவிடவில்லை. இரண்டு சங்கல்பங்களுள் தெளிந்த அறிவோடு எடுத்ததைக் காக்கிறான்.

பிறர் உயிரின்மீது வைக்கும் காலடி

இந்தக் கேள்வியில் இன்னொருவரும் இருக்கிறார். அவர்தாம் பேசாமல் நின்ற வழிகாட்டி.

அவன் ஏன் "வேண்டாம்" என்று உறுதியாகச் சொல்லவில்லை? அவனுடைய ஆண்டு வருமானத்தின் ஒரு பங்கு இந்தச் சில வாரங்களில்தான் கிடைக்கிறது. மனம் வருந்திச் செல்லும் யாத்திரிகர் அடுத்தவரிடம் அவனைப் பற்றி நல்ல சொல் சொல்லமாட்டார். மேலும் முதியவரின் பக்தியை அவன் மதிக்கிறான். மறுத்துப் பேச நாணுகிறான். சரிவில் முதலில் இறங்கிப் படி வெட்டப் போகிறவன் அவனே. ஆசிரியர் தம் உயிரைப் பணயம் வைப்பதாக நினைக்கிறார். உண்மையில் அவர் முதலில் வைப்பது அந்த இளைஞனின் உயிரை. "அவனும் மறுக்கவில்லையே" என்பது சமாதானம் ஆகாது. மறுக்க இயலாத நிலையில் இருப்பவனின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது அகிம்சைக்கு ஒத்ததன்று.

இந்த வட்டம் இன்னும் விரிகிறது. 2025 பிப்ரவரி 28 அன்று, பத்ரிநாத்துக்கு அப்பாலுள்ள மாணா கிராமத்தின் அருகே, எல்லைச் சாலைப் பணியில் ஈடுபட்டிருந்த தொழிலாளர்களின் முகாம்மீது பனிச்சரிவு விழுந்தது. 54 பேர் சிக்கினர். 46 பேர் மீட்கப்பட்டனர். 8 பேர் உயிரிழந்தனர். அத்தொழிலாளர்கள் பிழைப்பிற்காகவும் கடமைக்காகவும் அங்கிருந்தவர்கள். அவர்களைத் தேடி ராணுவ வீரர்களும் எல்லைக் காவல் படையினரும் தொடர்ந்து பெய்த பனிக்கிடையே அதே மலைச்சரிவுகளுக்குச் சென்றனர். இறுதி உடல் கிடைக்கும்வரை தேடுதல் நிற்கவில்லை. மலையில் ஒருவர் புதையுண்டால் அவரை மீட்க இன்னொருவர் அதே ஆபத்துக்குள் நடந்தே ஆக வேண்டும் என்பதை அந்த நாட்கள் காட்டின. கடமைக்காக அங்கு நிற்பவர்களுக்கே அத்தகைய உதவி அரிதாகக் கிடைக்கும் இடத்தில், விருப்பத்தின்பேரில் செல்பவர் தம் செயலுக்குத் தாம் மட்டுமே பொறுப்பு என்று எண்ணலாகாது.

காலடித் தடங்களுக்கும் இது பொருந்தும். காலையில் ஒரு குழு பதித்த தடத்தைக் கண்டு, நண்பகலில் வரும் இன்னொரு குழு அதையே பாதையாக நம்பும். முன்னே சென்றவர்கள் எந்த மணியில் சென்றார்கள் என்பதைத் தடம் சொல்வதில்லை. குடும்பத் தலைவர், ஆசிரியர், தொண்டர்களை வழிநடத்துபவர் ஆகிய அனைவரும் இத்தகைய தடங்களைப் பதிப்பவர்களே. அவர்களது துணிவைப் பின்பற்றுபவர்களுக்கு அவர்களது நிதானமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

திருநாவுக்கரசர் திரும்பினாரா?

இவ்விடத்தில் தமிழ் வாசகர் ஒருவர் நியாயமான தடை ஒன்றை எழுப்பலாம். கயிலையைக் காணப் புறப்பட்ட திருநாவுக்கரசர் திரும்பினாரா? கால்கள் தேய்ந்தபோது கைகளால் தாவிச் சென்றார். கைகள் தேய்ந்தபோது மார்பால் உந்திச் சென்றார். அதுவும் இயலாதபோது உடலால் புரண்டு சென்றார். முனிவர் வடிவில் வந்த இறைவனே திரும்பச் சொன்னபோதும் அவர் இசையவில்லை. பெரியபுராணம் போற்றும் அந்த உறுதிக்குமுன், மணி பார்த்துத் திரும்பும் விவேகம் சிறுமை அல்லவா?

அவ்வரலாற்றை முழுமையாக நோக்க வேண்டும். நாவுக்கரசர் தம்முடன் வந்தவர்களைக் காசியிலேயே விட்டுவிட்டுத் தனியராகவே மேற்கொண்டு நடந்தார். தம் தவத்தின் விலையை வேறெந்த உயிரின்மீதும் அவர் சுமத்தவில்லை. அவர் இசையாதது மனித அறிவுரைக்கு. இறைவனின் ஆணை ஒலித்தபோது உடனே பணிந்தார். அந்த ஆணை அவரை மலையுச்சிக்கு அனுப்பவில்லை. அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் செய்து, தொலைதூரத்திலுள்ள திருவையாற்றின் குளத்தில் எழச் செய்தது. கயிலைக் காட்சி அவருக்கு அங்கேதான் கிட்டியது. மலையை நோக்கி அவ்வளவு உறுதியுடன் சென்றவருக்கு, திரும்பி வந்த இடத்தில் இறைவன் தன்னைக் காட்டினான். உறுதி வீணாகவில்லை, ஆனால் அது நிறைவேறும் இடத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை.

இமயத்தின் ஆலயங்களும் இதையே ஆண்டுதோறும் உணர்த்துகின்றன. குளிர் தொடங்கியதும் கேதாரநாதர் உக்கிமட்டுக்கு இறங்குகிறார். கங்கோத்ரியின் கங்கை அன்னை முக்பா கிராமத்திற்கு எழுந்தருளுகிறாள். துங்கநாதர் மக்குமட்டுக்கு வருகிறார். கேதாரநாதரின் நடை திறக்கும் நாள், மகாசிவராத்திரியன்று உக்கிமட்டில் முறைப்படி அறிவிக்கப்படுகிறது. பருவத்தை மதித்துக் கீழிறங்குவதைத் தோல்வி என்று அம்மக்கள் கருதவில்லை. அதை விழாவாகக் கொண்டாடுகின்றனர். மூர்த்தியே இறங்கி வந்திருக்கும் பருவத்தில், இறங்குவதை இழிவாக எண்ணும் யாத்திரிகர் எந்த மரபைப் பின்பற்றுகிறார்?

சான்று கிடைக்காத செயல்

இத்தனைக்குப் பின்னும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. திரும்பி வந்தவருக்கு, தாம் செய்தது சரி என்பதற்குச் சான்று கிடைப்பதில்லை.

அந்தச் சரிவு அன்று முழுவதும் சரியாமலேயே இருந்துவிடலாம். வேறொரு குழு அதைக் கடந்து, ஆலய வாசலில் படம் எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியாகத் திரும்பவும் கூடும். அப்போது திரும்பி வந்தவரின் விவேகம் பிறர் கண்ணுக்கு வெறும் அச்சமாகவே தோன்றும். அவருக்கேகூட அப்படித் தோன்றலாம். அபாயத்தைக் கடந்து மீண்டவனை உலகம் வீரன் என்கிறது. அவன் மீண்டது அறிவாலா தற்செயலாலா என்று அது கேட்பதில்லை.

கர்மயோகத்தின் போதனை வாழ்வில் கடினமாகும் இடம் இதுவே. பயனைக் கருதாது செயலாற்று என்பதை, பரிசை எதிர்பாராதே என்று மட்டும் பலர் பொருள்கொள்கின்றனர். செயல் சரியானது என்பதற்குப் பயனைச் சான்றாகக் கேளாதே என்பதும் அதன் பொருள். நலமாக முடிந்ததால் ஒரு செயல் தர்மமாகிவிடாது; இழப்பில் முடிந்ததால் அதர்மமாகிவிடாது. செயலாற்றிய நேரத்தில் அறியக்கூடியதாக இருந்தது என்ன, நோக்கம் எது, அதன் விலையை யார்மீது சுமத்தினான் என்பவற்றைக் கொண்டே அது அளக்கப்பட வேண்டும்.

அச்சத்தால் திரும்பியவனும் விவேகத்தால் திரும்பியவனும் ஒரே பாதையில்தான் இறங்குகின்றனர். இருவரையும் பிறர் வேறுபடுத்திக் காண இயலாது. ஆனால் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள வழி உண்டு. திரும்பத் தூண்டியது எதிரே கண்ட அடையாளமா, உள்ளே எழுந்த கற்பனையா? அந்த வரம்பு முன்பே தெளிவான மனத்தோடு வகுக்கப்பட்டதா, அப்போது தேடிய சாக்கா? உடன் வந்தவர்களுக்கும் அதே முடிவை அவன் சொல்லியிருப்பானா? திரும்பிய பின் அவன் பிறரைக் குறைகூறுகிறானா, அன்றி அடுத்த விடியலுக்கு ஆயத்தமாகிறானா? இக்கேள்விகளுக்கு நேர்மையாக விடை காண்பவனுக்கு வேறு சான்று தேவைப்படாது.

நாகபுரி ஆசிரியர் திரும்பினார் என்றே கொள்வோம். நெய்க்கிண்ணத்தைப் பையிலிருந்து வெளியே எடுக்காமலேயே, "போதும் பேட்டா, இறங்குவோம்" என்றார். மாலையில் சோப்தாவின் தேநீர்க்கடையில் அமர்ந்து அந்தச் சரிவை நால்வரும் பார்த்தனர். அது காலையில் இருந்தவாறே அமைதியாக இருந்தது. "போயிருக்கலாம்போல் இருக்கிறதே" என்றார் நண்பர். ஆசிரியர் மறுக்கவில்லை. "போயிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் அவர்கள் மக்குமட்டுக்குச் சென்றனர். மூர்த்தி எழுந்தருளியிருந்த சந்நிதியில், அந்த அம்மையாரின் பெயரால் நெய்விளக்கு ஏற்றப்பட்டது. வழிகாட்டி அவர்களை வழியனுப்பிவிட்டுத் தன் வீட்டிற்குத் திரும்பினான்.